ஒரு செயலுக்கு ஒரு சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையும் காப்பியமும் பேசப்பெற்று வந்த இம்மேடையில், கணிப்பொறியின் கட்டளைப் பெயர்களைப் பற்றி ஒருவர் உரையாற்ற வருவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இம்மலருக்கு வந்த கவிதைகளுள் பெரும்பாலானவை திரையில் எழுதப்பெற்றவை. எழுதுகோலிடம் நாம் எதுவும் சொல்வதில்லை. கை நகர்கிறது, அது எழுதுகிறது. பிடிக்காத வரியைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிடுகிறோம். திரையில் அவ்வாறன்று. ஒரு வரியை எடுப்பதாயினும் இடம் மாற்றுவதாயினும் அதற்கென வைக்கப்பெற்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, அச்சொல்லால் பொறியை ஏவ வேண்டியிருக்கிறது. உரைத்திருத்தி என்று நாம் தமிழில் வழங்கும் டெக்ஸ்ட் எடிட்டர் முழுவதும் ஏவற்சொற்களால் ஆனதே. அச்சொற்கள் எவ்வாறு பிறந்தன, அவற்றைத் தமிழில் வைக்கும்போது எதனைக் கருதவேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நன்னூல் பயின்ற நமக்கு இடுகுறிப் பெயரும் காரணப் பெயரும் நன்கு தெரிந்தவை. கட்டளைப் பெயர் என்றவுடன், அது காரணப் பெயராக, கேட்டமாத்திரத்தில் பொருள் விளங்குவதாக இருந்தால் போதும் என்றே தமிழாசிரியர்கள் எண்ணுவோம். என் கருத்து சற்று வேறு. காரணம் விளங்குவது நன்று; அதனினும் நன்று, இட்ட பெயர் எங்கும் மாறாதிருத்தலும், உடன் நிற்கும் பிற பெயர்களோடு மயங்காதிருத்தலும் ஆகும். இதற்குச் சான்று அரை நூற்றாண்டு வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டு கென் தாம்சன் என்பார் யூனிக்ஸ் முறைமைக்காக 'எட்' என்னும் உரைத்திருத்தியை எழுதினார். அதன் கட்டளைகள் யாவும் ஓரெழுத்துக் கட்டளைகள். சேர்ப்பதற்கு ஓரெழுத்து, நீக்குவதற்கு ஓரெழுத்து, ஒன்றற்கு மற்றொன்றை இடுவதற்கு ஓரெழுத்து. ஓரெழுத்து ஒருமொழி நமக்குப் புதிதன்று. ஆனால் அங்கே அச்சுருக்கத்திற்குக் காரணம் இலக்கணம் அன்று, பொறியின் வேகம். அக்காலத்தில் திரை பரவலாக இல்லை. டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறியே கணிப்பொறியோடு பேசும் வாயாக இருந்தது. அதில் பரவலாக வழங்கிய ஒரு வகை நொடிக்குப் 10 எழுத்துகளே அச்சிடும். நீண்ட பெயர் வைத்தால் நேரம் வீணாகும். தவறு நேர்ந்தால் அப்பொறி விடையாகத் தருவது ஒரே ஒரு வினாக்குறி. எதில் தவறு, ஏன் தவறு என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்! வரியைக் காட்டு என்பதற்கு 'அச்சிடு' என்பதே கட்டளை, ஏனெனில் அன்று காட்டுதல் என்பதே தாளில் அச்சிடுதல்தான். தாள் போய்த் திரை வந்து பல தலைமுறைப் பொறிகள் கழிந்த பின்னரும், திரையில் காட்டுவதற்கு 'அச்சிடு' என்னும் சொல்லே பல கணிப்பொறி மொழிகளில் நிலைத்திருக்கிறது. ஒருமுறை இட்ட பெயர் எளிதில் அகலாது என்பதற்கு இஃது ஒரு சான்று. அதே உரைத்திருத்தியில் ஒரு சொல் வரும் வரிகளையெல்லாம் தேடிக் காட்டும் கட்டளைத் தொடரின் எழுத்துகள் சேர்ந்து 'கிரெப்' என்னும் பெயராயின. பொருளே இல்லாத அவ்வொலிக்கூட்டம் இன்று ஆங்கில அகராதியில் வினைச்சொல்லாக ஏறிவிட்டது. இடுகுறியும் வாழும் என்க.

ஆனால் ஒரே சொல் இரண்டு பொருளில் வாழத் தொடங்கும்போதுதான் இடர் பிறக்கிறது. 1976-ஆம் ஆண்டளவில் பெர்க்லியில் பில் ஜாய் 'வி.ஐ.' என்னும் உரைத்திருத்தியை உருவாக்கினார். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலியோர் 'ஈமாக்ஸ்' என்பதை உருவாக்கினர். இரண்டிலும் 'யாங்க்' என்றொரு கட்டளை உண்டு. வெடுக்கென்று இழுத்தல் என்பது அச்சொல்லின் பொருள். வி.ஐ.யில் யாங்க் என்றால் நகலெடுத்தல். அங்கே நகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'மாற்று' என்னும் கட்டளைக்கு உரியதாகிவிட்டது. ஈமாக்ஸில் யாங்க் என்றால் எடுத்து வைத்ததைக் கொண்டுவந்து ஒட்டுதல். ஒன்றில் இங்கிருந்து இழுப்பது, மற்றொன்றில் இங்கே இழுப்பது. இரண்டுக்கும் காரணம் கூறலாம். இரண்டும் காரணப் பெயரே. இரண்டையும் பயன்படுத்துவோர் படும் பாட்டிற்கு அந்தக் காரணம் மருந்தாகவில்லை.

இதனினும் கொடியது 'நீக்கு' என்பதன் கதை. ஈமாக்ஸில் அழித்தலுக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'கொல்' என்றால், எடுத்த பகுதி ஒரு மறைவிடத்தில் காக்கப்பெறும், பின்னர் மீட்டுக்கொள்ளலாம். 'நீக்கு' என்றால் அம்மறைவிடத்திற்குப் போகாமலே மறையும். கொன்றது திரும்பி வரும், நீக்கியது வராது என்பது நம் உலகியலுக்கு மாறான செய்தி. வி.ஐ.யிலோ 'நீக்கு' என்பதே காத்து வைக்கும் கட்டளை. ஆகவே ஒன்றில் பழகியவர் மற்றொன்றிற்குச் சென்று அதே பெயரை நம்பினால், தம் வரிகளை மறைவிடத்தில் தேடிக் காணாமற் போவர். பெயரால் ஓர் எழுத்தாளர் தம் எழுத்தை இழக்கக்கூடும் என்பதை இவ்விடத்து நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

கணிப்பொறித் துறையில் அடிக்கடி சொல்லப்பெறும் ஒரு செய்தியையும் கூறிவிடுகிறேன். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1974-இல் 'பிராவோ' என்னும் சொற்செயலி உருவாயிற்று. (நம் ஊரில் அந்நிறுவனத்தின் பெயரே நகலுக்குப் பெயராகிவிட்டது, தெருமுனைக் கடையில் எவரும் நகலெடு என்பதில்லை, ஜெராக்ஸ் எடு என்பதே வழக்கு.) பிராவோவில் ஒரே விசை, கட்டளை நிலையில் ஒரு பொருளும் எழுதும் நிலையில் வேறு பொருளும் தரும். எந்நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்த ஒருவர் 'எடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்தால் என்ன ஆகும்? முதலெழுத்து 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்னும் கட்டளை. இரண்டாமெழுத்து 'நீக்கு'. மூன்றாமெழுத்து 'எழுதத் தொடங்கு'. நான்காமெழுத்து மட்டும் எழுத்தாகவே பதியும். நூறு பக்க நூலாயினும் அந்த ஓரெழுத்து மட்டுமே எஞ்சும். திருத்து என்று பொருள்படும் சொல்லே நூலை முழுவதும் துடைத்துவிடுகிறது.

இதனைக் கண்டு மாற்ற முனைந்தவருள் லாரி டெஸ்லர் குறிப்பிடத்தக்கவர். அவரும் டிம் மாட் என்பவரும் 1974, 1975-ஆம் ஆண்டுகளில் ஜின் என்னும் பாடநூற் பதிப்பகத்தாருக்காக 'ஜிப்சி' என்னும் சொற்செயலியை உருவாக்கினர். அவர்கள் பெயர்களை அகராதியில் தேடவில்லை. பதிப்பகத்தில் கைப்படிகளைத் திருத்துவோர் எவ்வாறு வேலை செய்கின்றனர் என்பதை முதலில் பார்த்தனர். அங்கே கத்தரிக்கோல் இருந்தது, பசை இருந்தது. பத்தியை வெட்டி எடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினர். வெட்டு, ஒட்டு என்பன அவ்வாறே கட்டளைப் பெயர்களாயின. எந்த விசை எந்நிலையில் என்ன செய்யும் என்னும் மயக்கத்தையும் ஒழிக்க முயன்றனர். பின்னர் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனம் சென்றார். 1983-இல் லிசா, 1984-இல் மெக்கின்டாஷ் ஆகிய பொறிகளின் வழியாக வெட்டு, நகலெடு, ஒட்டு என்னும் மூன்றும் உலகெங்கும் பரவின. அவர் 2020 பிப்ரவரியில் மறைந்தபோது உலகச் செய்தித்தாள்கள் அம்மூன்று சொற்களாலேயே அவரை நினைவுகூர்ந்தன. மூன்று கட்டளைப் பெயர்களால் ஒருவர் நினைக்கப்படுவது சிறிய பேறன்று.

இனி, எந்தப் பெயர் நல்ல பெயர் என்பதை ஆய்ந்து கண்டோர் சிலரைப் பற்றி. தாமஸ் லாண்டாவரும் உடன் ஆய்வாளர் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைப்பது. சேர், நீக்கு, மாற்று போன்ற செயல்களுக்குத் தட்டச்சர்கள் இயல்பாகச் சொல்லக்கூடிய பெயர்களை ஒரு குழுவினர்க்கும், செயலோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஆங்கிலச் சொற்களை மற்றொரு குழுவினர்க்கும் கொடுத்துக் கற்பித்தனர். தொடக்கக் கற்றலில் இரு குழுவினர்க்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை! காரணப் பெயரை உயிராகக் கருதும் நமக்கு இம்முடிவு கசப்பானது. கட்டளைகள் சிலவேயாயின் எப்பெயரையும் மனம் ஏற்றுக்கொள்கிறது என்பதே இதிலிருந்து நான் பெறும் பொருள். கட்டளைகள் பெருகும்போது தேவைப்படுவது வேறு. அதனை ஜான் கரோல் 1982-இல் காட்டினார். ஒரு பொறிமனிதனை நடத்தும் 16 கட்டளைகளுக்கு அவர் வெவ்வேறு வகையில் பெயரிட்டுப் பார்த்தார். 'முன்னேறு' என்பதற்குப் 'பின்வாங்கு' என இணையாக நிற்கும் பெயர்கள் ஒருவகை. 'போ' என்பதற்குப் 'பின்னால்' என இணைகெட்டு நிற்கும் பெயர்கள் மற்றொருவகை. இணையுள்ள பெயர்களைக் கற்றவர்களே சிறந்து விளங்கினர். தனிச்சொல்லின் தெளிவைக் காட்டிலும் சொற்களுக்கு இடையிலுள்ள உறவு நினைவிற்குத் துணை செய்கிறது. எதுகையும் மோனையும் பயின்ற அவைக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்னோர் ஆய்வு 1987-இல் ஜார்ஜ் ஃபர்னஸ் முதலியோர் வெளியிட்டது. சமையற் குறிப்பு, விற்பனை விளம்பரம், உரைத்திருத்தச் செயல்கள் எனப் பலதரப்பட்டவற்றுக்குப் பெயரிடுமாறு பலரைக் கேட்டனர். ஒரே பொருளுக்கு இருவர் ஒரே சொல்லைக் கூறும் வாய்ப்பு 20 விழுக்காட்டினும் குறைவு என்று கண்டனர். எனக்கு இயல்பாகத் தோன்றும் சொல் உங்களுக்குத் தோன்றாது என்பது இதன் கருத்து. எல்லார்க்கும் உடனே தோன்றும் ஒரு சொல் என்பது பெரும்பாலும் இல்லாத ஒன்று. ஆகவே, வைத்த சொல்லைப் பிடித்து நிற்பதே வழி.

இப்போது நம் மொழிக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொற்செயலிகளும் பிற செயலிகளும் தமிழ் முகத்தோடு கிடைக்கின்றன. கோப்பு, சேமி, வெட்டு, நகலெடு, ஒட்டு, நீக்கு என்னும் சொற்களைத் திரையில் கண்டிருப்பீர்கள். இத்தமிழாக்கத்தில் உழைத்தோர் பலர் ஊதியம் கருதாது உழைத்தவர்கள்; நான் கூறப்போகும் குறைகள் அவர்களது உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவன அல்ல.

தமிழுக்கு இதில் ஓர் இயற்கையான வளம் உண்டு. நம் வினைப்பகுதியே ஏவல் ஒருமையாக நிற்கிறது. வெட்டு என்றால் அதுவே பகுதி, அதுவே கட்டளை. முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் அதுவே செயலின் பெயரும் ஆகிறது. விகுதி வேண்டா, உருபு வேண்டா. வெட்டு, ஒட்டு என்னும் இரண்டும் எதுகையாலும் இணைந்து நிற்கின்றன. மாமரத்தில் ஒட்டுக் கட்டுவோர் கிளையை வெட்டுவது எறிவதற்கன்று, வேறொரு மரத்தில் இணைப்பதற்கே என்பது சிற்றூரில் எவர்க்கும் தெரியும். ஆகவே வெட்டியது அழிந்துபோகவில்லை, ஒட்டக் காத்திருக்கிறது என்பதை எங்கள் மாணவிகளுக்கு விளக்க எனக்கு ஒட்டுமாங்கன்றே போதுமானதாக இருந்தது.

ஆனால் அதே ஏவல் ஒருமை சிக்கலும் தரும். ஏவுபவர் யார், ஏவப்படுவது எது? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், திரையில் 'வெளியேறு' என்று கண்டு, "என் வீட்டில், என் நாற்காலியில் அமர்ந்திருக்கும் என்னைப் பார்த்தா வெளியேறு என்கிறது?" என்று சினந்தார். அவையோர் சிரிக்கிறீர்கள், அவர் ஐயம் இலக்கணத்தின்பாற்பட்டது. வெட்டு, ஒட்டு, சேமி என்பன நாம் பொறிக்கு இடும் ஏவல்கள். 'வெளியேறு' தன்வினை, வெளியேறுகிறவர் நாம். ஆகவே அங்கே ஏவல் திசைமாறிப் பொறி நம்மை ஏவுவதாகிறது. பொறி நம்மிடம் ஒன்று வேண்டும்போது 'கடவுச்சொல்லை இடவும்' என்று மரியாதையாகவே கேட்கிறது. பலரும் பின்பற்றும் இவ்வழக்கு நல்ல வழக்கு. மனிதர் பொறிக்குச் சொல்வது ஏவல் ஒருமை, பொறி மனிதர்க்குச் சொல்வது 'உம்' ஈற்று வேண்டுகோள் என்று வரையறுத்து, எங்கும் அதனை வழுவாது காத்தால், எவர் எவரை ஏவுகிறார் என்னும் ஐயம் எழாது.

நம் மரபில் இன்னொரு தடையும் இருக்கிறது, அது நம் பெருமையிலிருந்து வருவது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என நிகண்டு வளர்த்த மொழி நம்முடையது. ஒரு பொருளுக்குப் பல சொல் அறிந்தவனே புலவன் என்று போற்றினோம். ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னால் சொல்வறுமை என்று கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் கோடிடுகிறோம். நானும் இருபதாண்டுகளாகக் கோடிட்டு வருகிறேன். செய்யுளுக்கும் கட்டுரைக்கும் அது தகும். கட்டளைக்குத் தகாது. ஒரே செயலியில் ஓரிடத்தில் நீக்கு, ஓரிடத்தில் அழி, பிறிதோரிடத்தில் அகற்று என்று வருவதைப் பார்க்கிறேன். மொழிபெயர்த்தவர் நடையழகு கருதி மாற்றியிருக்கக்கூடும். படிப்பவரோ, மூன்று சொல் இருப்பதால் மூன்று செயல் இருப்பதாகவே கொள்வார். கொள்வது முறையும் ஆகும். உண்மையிலேயே செயல்கள் வேறானால் அதற்கேற்பச் சொல்லும் வேறாகட்டும்: ஒரு பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது 'அகற்று', பொருளையே இல்லாமற் செய்வது 'அழி' என வரையறுக்கலாம். வரையறுத்த பின்னர் எதுகைக்காகக் கூட மாற்றலாகாது.

எல்லாவற்றினும் என்னை அஞ்சவைப்பது 'மீள்' என்னும் வேரிலிருந்து கிளைத்த சொற்களே. இழந்த கோப்பைத் திரும்பப் பெறுவதற்கு 'மீட்டெடு'. எல்லாவற்றையும் துடைத்துத் தொடக்க நிலைக்குக் கொண்டு செல்வதற்கு 'மீட்டமை'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று காப்பது, மற்றொன்று துடைப்பது. கண்ணுக்கோ இரண்டும் உடன்பிறந்தவை. காப்பதற்கும் 'மீட்டமை' என்றே எழுதப்பெற்ற செயலிகளையும் கண்டிருக்கிறேன். நம் வட்டத்தைச் சேர்ந்த மூத்த கவிஞர் ஒருவர், காணாமற் போன தம் கவிதைகளைத் தேடிச் சென்று, மீட்பு என்னும் ஒலியை நம்பி 'மீட்டமை' என்பதைத் தொட்டுவிட்டார். கைப்பேசி அவரைக் கேட்டது. அவர் ஆம் என்றார். படித்தவர், தமிழில் புலமை மிக்கவர், சொல்லின் பொருளை நம்பியதே அவர் செய்தது. அன்று முதல் அவர் தாளில் எழுதிப் பேரனிடம் கொடுத்துவிடுகிறார். 'மீட்டமை' என்னும் சொல் எனக்கு உவப்பானதன்று. துடைப்பது துடைப்பதாகவே தெரியும்படி 'தொடக்க நிலையாக்கு' என்று நீளமாக இருந்தாலும் கேடில்லை. நொடிக்குப் 10 எழுத்து அச்சிடும் காலம் போய்விட்டது. நீளத்திற்கு அஞ்சிப் பொருளை மயங்கவிடும் தேவை இன்று இல்லை.

'தொகு', 'திருத்து' என்னும் இரண்டைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கத்தை மாற்றி எழுதுவதற்குத் 'தொகு' என்பதே கட்டளை. வேறு செயலிகளில் 'திருத்து' எனக் காண்கிறோம். சங்க நூல்களைக் கற்ற நமக்குத் தொகுத்தல் என்றால் சேர்த்துக் கோத்தல். தொகுத்தவர், தொகுப்பித்தவர் என இரண்டு செயல்களைக் கூட வேறுபிரித்து வைத்த மரபு இது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று இரண்டு பெயரையும் காத்திருக்கிறோம். அந்த நுட்பத்தின்படி பிழை களைவதற்குத் 'திருத்து' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. ஆயினும் 2003 முதல் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர் பலர்க்குத் 'தொகு' என்பதே கைவந்த சொல்லாகிவிட்டது. அவர்களிடம் சென்று அதனை மாற்றச் சொல்ல நான் விரும்பவில்லை. புதிதாக ஆக்குவோர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து ஒரே செயலிக்குள் அதனையே கடைசிவரை வழங்கினால் போதும்.

எஞ்சியிருப்பது கடினமான ஓர் இணை. செய்ததைச் செய்யாததாக்குவது ஒன்று; அவ்வாறு ஆக்கியதை மீண்டும் செய்ததாக்குவது மற்றொன்று. எழுதுவோர்க்கு இவ்விரண்டினும் பெரிய துணை வேறில்லை. அஞ்சாமல் திருத்தும் துணிவைத் தருவன இவையே. முன்னதற்குச் 'செயல்தவிர்' என்று பரவலாக வழங்குகிறோம். தவிர்த்தல் என்பது வரவிருப்பதை வராமற் செய்வது. நடந்து முடிந்ததை எவரும் தவிர்க்க இயலாது. பின்னதற்கு 'மீண்டும் செய்'. முன்னதற்கும் இதற்கும் இணை ஏதுமில்லை. 'போ', 'பின்னால்' என்பது போல்தான். அத்துடன், அதே வரியை இன்னொரு முறை இடு என்பதற்கும் 'மீண்டும் செய்' என்பதே பொருந்தி மயக்கம் தருகிறது.

சென்ற திங்கள் கூட்டத்தில் இதனைக் கூறியபோது, இளங்கவிஞர் ஒருவர் 'அவிழ்' என்று வைக்கலாமே என்றார். அழகிய சொல். ஓரடிச் சொல். ஆங்கிலச் சொல்லுக்கும் அவிழ்த்தல் என்னும் பொருள் உண்டு. ஆனால் அவிழ்த்ததற்கு மறுதலை 'முடி'; முடி என்றால் வேலையை நிறைவு செய் என்றும் ஆகும், அப்பெயரில் வேறொரு கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. 'கட்டு' என்றால் இணை கிடைக்கிறது. 'அவிழ்', 'கட்டு' என்று எழுதிப் பார்த்தேன், ஒரு வாரம் மாணவிகளிடமும் கேட்டுப் பார்த்தேன். 'அவிழ்' எல்லார்க்கும் விளங்கிற்று. 'கட்டு' என்றவுடன் பாதிப்பேர் பணம் கட்டுவதை நினைத்தனர். பிற்பகல் அமர்வில் வட்டத்தின் சொற்பட்டியல் வாசிக்கப்பெறும்போது இந்த இணைக்குரிய இடம் வெறுமையாக விடப்பெற்றிருப்பதைக் காண்பீர்கள். சொல் தருவோர் ஒரு சொல்லாகத் தராமல் இரண்டாகத் தருமாறு வேண்டுகிறேன்.